நூற்று நாற்பத்து மூன்றாவது தலை

அம்மாக்கண்ணு வாய் திறந்து யாரையும் திட்டி ஒருவரும் கேட்டதில்லை. அதனால் இலங்கை மலைநாட்டில் அந்தப் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் அவளைச் சாது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாதுவாம்! ஒரு மனிதன் நாசமாய்ப் போக வேண்டும் என்று ஐந்து வருஷம் வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டவள் சாது என்றால், ஊரில் பொல்லாதவள் என்று யாரைச் சொல்வது?

அந்த மனிதன் பெரிய கங்காணி வீரபத்திரன். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஆள் கட்டி வந்தவன். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, காதில் சிவப்புக்கல் கடுக்கன், கையில் பிரம்பு. விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வந்து வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில், பிரம்பை நீட்டித் தலை தலையாக எண்ணுவான். வந்த தலைக்கு இவ்வளவு என்று துரை அவனுக்குக் கொடுப்பது வழக்கம். ஒரு தடவை, செத்துப் புதைத்த ஆளையும் சேர்த்து எண்ணிவிட்டுத் துரையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு எண்ணிக்கைப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு தலை குறைந்தாலும் அந்த ஆள் கிடைக்கும்வரை இடத்தை விட்டு நகர மாட்டான். எல்லாரையும் எண்ணி முடித்த பிறகுதான் தன் நெஞ்சைத் தட்டி, "நான் ஒண்ணு" என்று கணக்கை முடிப்பான்.

அவன் அம்மாக்கண்ணுவுக்குச் செய்தது என்ன? சொல்கிறேன், கேளுங்கள்.

முப்பத்தொன்றாம் வருஷம் தேயிலை விலை விழுந்தது. பத்து ஆளைக் குறைக்கச் சொன்னார் துரை. கவ்வாத்து வெட்டும் ஆண்களைத் தள்ளிவிட்டு, கொழுந்து பறிக்கும் பெண்களை மட்டும் வைத்துக்கொள்ள நினைத்தான் கங்காணி. அதில் ஒரு சிக்கல் இருந்தது. புருஷனுக்கு வேலையிலிருந்து விடுவிக்கும் பற்றுச்சீட்டுக் கொடுத்து அனுப்பினால் பெண்டாட்டிக்கும் கொடுத்தாக வேண்டும்; "நான் இருந்துக்கிறேன், அவரு போகட்டும்" என்று அவளே எழுதிக் கொடுத்தால்தான் அவளை நிறுத்தலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் வேறு எந்தத் தோட்டமும் ஆளைச் சேர்க்காது. கங்காணி என்ன செய்தான் தெரியுமா? "கம்பளி வருது புள்ளைகளா, ஆளுக்கொரு பெருவிரலு வச்சுட்டுப் போங்க" என்றான். பெண்கள் வரிசையில் நின்று விரலை மையில் தொட்டு வைத்தார்கள். கம்பளியும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

அம்மாக்கண்ணு மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் மூக்கன் கையில் சீட்டைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தவளிடம் கங்காணி பால் வடியும் முகத்தோடு சொன்னான்: "வேற தோட்டத்துல எடம் பாத்துட்டு ஆளனுப்புறேன்னு சொல்லிட்டுப் போனான் புள்ள. நீ பாட்டுக்கு வேலையப் பாரு." அவளும் நம்பினாள். பதினோரு நாள் நம்பினாள்.

பன்னிரண்டாம் நாள் அழகன் வந்தான். மூக்கனோடு சீட்டு வாங்கிப் போன பத்துப் பேரில் ஒருவன். லயத்து வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நானுஓயா டேசன்ல சாமான் கொட்டகையிலதான் கெடந்தோம் தங்கச்சி. எந்தத் தோட்டத்துலயும் எடமில்ல. மழை. மூணு நாளு காய்ச்சலு அவனுக்கு. வாடா, ஒம் பொண்டாட்டிகிட்டயே போயிருவோம்னு கூப்பிட்டேன். 'எங்கடா போறது? அவதான் நான் வேணாம்னு பெருவிரலு வச்சிட்டாளே, ஆபீசுல காட்டுனாங்க, நான் பாத்தேன்'னான். அதுக்கப்புறம் அவன் பேசல. முந்தாநாளு அடக்கம் பண்ணிட்டோம்."

தாலி அறுந்த துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டினவள் தன்னைக் கைவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதன் செத்தானே, அதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? இல்லை என்று சொல்ல அவன் இல்லை. அன்றைக்கு அவள் ஒன்று முடிவு செய்தாள். வீரபத்திரன் சாக வேண்டாம். சாவு யாருக்கும்தான் வருகிறது. நாலு பேர் பார்க்க அவன் தலை குனிய வேண்டும். குனிந்த தலைக்கு முன்னால் நின்று அவள் மூக்கன் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்டு அவன் துடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முப்பத்தாறில் சட்டசபைத் தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நுவரெலியாக் கடைவீதியில் பெரிய அரிசிக் கடை வைத்திருந்த சிதம்பரநாதன் முதலாளி. மற்றவர் பொன்னையா என்கிற வக்கீல். அப்போது பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுகிற வேலையெல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. முதலாளிக்குப் பச்சை, வக்கீலுக்குச் சிவப்பு. திரைக்குப் பின்னால் போய், கொடுத்த சீட்டைப் பிடித்த நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும்.

கங்காணி பச்சைக்காரன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? முதலாளியின் காரில் ஏறி இறங்கி அவன் கால் தரையில் பாவவில்லை. பெரட்டுக் களத்தில் முதலாளியை நிறுத்தி வைத்துக்கொண்டே சவால் விட்டான்.

"நம்ம கும்பல்ல ஓட்டு நூத்தி நாப்பத்தி மூணு முதலாளி, என்னையும் சேத்து. ஒரு தலை கொறையாது. கொண்டாந்து நிறுத்தி, எண்ணி உள்ளார அனுப்பிட்டு, கடைசித் தலையா நான் போடுறேன். பெரட்டு மாதிரியே!"

"ஒங்க வாய்ச்சொல்லு எனக்குப் போதும் கங்காணி" என்றார் முதலாளி.

மூன்றாவது வரிசையில் நின்ற அம்மாக்கண்ணு இதைக் கேட்டாள். ஐந்து வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு பேச்சு போதாதா? எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தால் இவன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியாதா?

தேர்தலன்று தோட்டத்துக்கு லீவு. மத்தியானம் எல்லாரும் களத்துக்கு வரவேண்டும் என்பது கங்காணியின் உத்தரவு. அவள் விடிந்ததும் குறுக்குப் பாதையில் இறங்கி மூன்று மைல் நடந்து, பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி திறந்தபோது பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். உள்ளே முதலாளியின் கணக்கப்பிள்ளை சின்னராசா பெரிய பட்டியலோடு உட்கார்ந்து, பெயர் கூப்பிடக் கூப்பிடப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே உட்கார்ந்தவர்கள் சாயங்காலம்வரை வெளியே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். அவள் சீட்டை வாங்கினாள், திரைக்குப் பின்னால் போனாள், சிவப்புப் பெட்டியில் போட்டாள். வக்கீல் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கங்காணிக்குப் பிடிக்காத பெட்டி எதுவோ, அது அவள் பெட்டி!

வெளியே வந்தவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே மெனிக்கே என்கிற சிங்களப் பெண் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். அம்மாக்கண்ணு விறகு விற்கப் போய்ப் போய் அவளோடு பழக்கம்.

"இன்னைக்கு முழுக்க இங்கயே இருந்துக்கிறேன் அக்கே. யாரு கேட்டாலும் நான் இங்க இல்ல."

"யாரு கூட நங்கி கோவம்?" என்று மெனிக்கே, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"பெரிய கங்காணி."

மெனிக்கே உள்ளே பலகைக்குப் பின்னால் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். அந்தக் கங்காணியிடம் நல்ல பெயர் வாங்கினவர்கள் பூண்டுலோயாவில் யார் இருந்தார்கள்?

மத்தியானம் ஒரு மணி இருக்கும். கொட்டு முழக்கத்தோடு கங்காணி தன் கும்பலை நடத்திக்கொண்டு வந்தான். பலகை இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். வாசலில் நிறுத்தி எண்ணினான். மறுபடி எண்ணினான். மூன்றாம் தடவை பிரம்பால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"நூத்தி நாப்பத்தொண்ணு. என்னையும் சேத்தா நாப்பத்திரெண்டு. யாருடா அது கொறையிறது?"

"அம்மாக்கண்ணுங்க ஐயா" என்றான் சின்னக் கங்காணி வீரய்யா.

"அந்தச் செத்த மூதியா? ஆள வுட்டுத் தூக்கிட்டு வாங்கடா!"

ஆட்களை உள்ளே அனுப்பினான். அவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு மலை ஏறிப் போய்விட்டார்கள். அவன் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீரய்யா தோட்டத்துக்குப் போனான், திரும்பினான், "லயத்துல இல்லீங்க" என்றான். மறுபடி அனுப்பினான். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. அடேயப்பா, எட்டு அடி எடுத்து வைத்தால் பெட்டி! போட்டுவிட்டு வந்து நிற்க வேண்டியதுதானே? முடியாது. அவனுக்கு முன்னால் ஒரு தலை பாக்கி இருக்கிறது. கங்காணி கூட்டிப் போகாமல் ஒரு பெண்பிள்ளை தன்னந்தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள் என்பது அந்த மண்டையில் கனவிலும் ஏறவில்லை.

முதலில் அவள் நினைத்தது இந்தக் கூத்தைப் பார்த்து வயிறு குளிர்வது மட்டும்தான். ஆனால் பக்கத்துத் தோட்டத்து ஆலையில் நாலு மணிச் சங்கு ஊதியபோது அவளுக்குப் பொறி தட்டியது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவார்கள் என்று காலையில் உள்ளே சொன்னார்களே! அவள் மெனிக்கேயின் காதில் ஏதோ சொன்னாள். மெனிக்கே சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"கங்காணி மாத்தயா, அந்த அம்மாக்கண்ணு தேடுறதா? இப்பதான் மேல போச்சு. கோயில் மலைப்பக்கம்."

அவ்வளவுதான்! கக்கத்திலிருந்த குடையை வீசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனிதன் தானே மலை ஏற ஆரம்பித்தான். போகட்டும், நன்றாய் ஏறட்டும். மூக்கன் நானுஓயாவுக்கு நடந்தது இதைவிடத் தூரம். அம்மாக்கண்ணு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, அன்றைக்குக் காலையிலிருந்து தொடாத ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். இவ்வளவு ருசியான ரொட்டியை அவள் வாழ்நாளில் தின்றதில்லை.

ஐந்தடித்துப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு அவன் சேறும் வியர்வையுமாய் ஓடி வந்தான். கதவைத் தட்டினான். உள்ளேயிருந்த உத்தியோகத்தர் ஜன்னல் வழியே கையை விரித்தார். வெளியே அதைப் பார்த்தது இரண்டு பெண்கள் மட்டும்தான்.

மறுநாள் நுவரெலியாவில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பெட்டிகளை உடைத்து எண்ணினார்கள். முடிவு என்ன தெரியுமா? பச்சைக்கு ஏழாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. சிவப்புக்கும் ஏழாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு! மறுபடி எண்ணினார்கள். அதற்கு மறுநாளும் எண்ணினார்கள். அதே கணக்குதான். மற்ற ஊர்களிலெல்லாம் வென்றவர்களுக்கு மாலை போட்டாயிற்று. இந்தத் தொகுதி மட்டும் சட்டசபைக்கு ஆளில்லாமல் இரண்டு நாள் அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் தேர்தல் நடத்திய துரை இரண்டு பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, தம் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார். வந்தது வக்கீல் பெயர்.

ஒரு ஓட்டு! பச்சைக்கு ஒரே ஒரு ஓட்டுக் கூடுதலாக விழுந்திருந்தால் தொப்பிக்கு வேலையே இல்லை. முதலாளி பைத்தியம் பிடித்தவர்போல் ஒவ்வொரு தோட்டமாகப் பட்டியலைப் பார்க்கச் சொன்னார். வீரபத்திரன் கும்பலில் நூற்று நாற்பத்திரண்டு பேருக்குத்தான் கோடு விழுந்திருக்கிறது, ஒருவருக்கு இல்லை என்று சின்னராசா சொன்னான். அவன் பெயரைத் தேடிப் படிக்குமுன், குறைவது ஒன்றா இரண்டா என்றுகூட எண்ணாமல் கங்காணி முந்திக்கொண்டான்.

"அந்த அம்மாக்கண்ணு முதலாளி. வேணுமின்னே ஓடி ஒளிஞ்சிட்டா. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாங்க, எல்லாத்துக்கும் முன்னால அவள ஒரு வழி பண்ணிடுறேன்."

"நீங்க போட்டீங்கல்ல?"

"நான் போடாம இருப்பனா முதலாளி!"

ஞாயிற்றுக்கிழமை பகல், தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் கும்பல் முழுக்கக் கூடியிருந்தது. வெற்றிப் பூசைக்கென்று கங்காணி முன்கூட்டியே கட்டி வைத்த தோரணம் வாடித் தொங்கியது. முதலாளி நாற்காலியில், பக்கத்தில் பட்டியலோடு சின்னராசா. அம்மாக்கண்ணுவை நடுவில் நிறுத்தினார்கள்.

"ஏண்டி, உப்புப் போட்டுத்தான் சோறு திங்கிறியா?" என்று ஆரம்பித்தான் கங்காணி. "ஒன்னால ஒரு பெரிய மனுசனுக்குத் தலையில மண்ணு விழுந்துச்சு. தலைய மொட்டை அடிச்சு, இந்தத் தோட்டத்த வுட்டே வெரட்டுறேன் பாரு!"

"நான் ஓட்டுப் போட்டேனுங்க" என்றாள் அவள்.

"பொய்யி! பச்சைப் பொய்யி!"

அவள் கங்காணியைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டாள். "கணக்கப்பிள்ளை ஐயா கையில பொஸ்தகம் இருக்கு. கோடு போடாத பேரு எதுன்னு படிக்கச் சொல்லுங்க முதலாளி. என் பேரா இருந்தா நானே மொட்டை அடிச்சுக்கிட்டு எறங்கிப் போயிடுறேன்."

"அதெல்லாம் படிக்கத் தேவையில்ல" என்று கங்காணி அவசரமாகச் சொன்னான். சொன்ன அவசரத்தில் குரல் கீச்சிட்டது. முதலாளி நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"படிடா."

சின்னராசா ஏடு ஏடாகப் புரட்டினான். "அம்மாக்கண்ணு... கோடு இருக்குங்க முதலாளி. காலையில முத ஆளு இவங்கதான்." இன்னும் புரட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. கங்காணியை ஓரக்கண்ணால் பார்த்தான். "கோடு இல்லாதது... வீரபத்திரன்."

பின்வரிசையில் பேச்சியம்மா களுக்கென்று சிரித்தாள். அவள் அம்மாக்கண்ணுவின் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷனும் முப்பத்தொன்றில் சீட்டு வாங்கிப் போனவன், இன்றுவரை தகவல் இல்லை. அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகத் தொற்றிக்கொண்டது. முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்கிட்டயே பொய் சொன்னியாடா? ஒரு ஓட்டு போட வக்கில்ல, ஒனக்குக் கோட்டு ஒரு கேடா? இனிமே என் கடைவாசல்ல ஒன்ன நான் பாக்கக்கூடாது!"

கங்காணியின் தலை குனிந்தது. அம்மாக்கண்ணு ஓரடி முன்னால் வந்தாள், மூக்கன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் சிரிப்பும் கூச்சலும் அமளிதுமளிப்பட்டன, அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டான்.

பிறகு நடந்ததை ஊரே பேசியது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அவன் பிரம்பை நீட்டி எண்ணத் தொடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து யாரோ, "கங்காணி ஐயா, ஒங்களையும் மறக்காம எண்ணுங்க!" என்று கத்த, துரைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். அப்புறம் அவன் சொல்லை யார் மதிப்பார்கள்? மிரட்டினால் சிரித்தார்கள், அடிக்கக் கையை ஓங்கினாலும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் துரை கும்பலை வீரய்யாவிடம் கொடுத்துவிட்டார். வீரபத்திரன் துறையூருக்கே போவதென்று மூட்டை கட்டினான்.

புறப்படுவதற்கு முந்தின நாள், கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வீடு திரும்பிய நேரத்தில், அவன் அம்மாக்கண்ணுவின் லயத்து வாசலில் வந்து நின்றான். கோட்டு இல்லை, பிரம்பு இல்லை. வெறும் கிழவன். அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இதோ வந்துவிட்டான், குனிந்த தலையோடு வந்துவிட்டான்!

"ஒண்ணு மட்டும் சொல்லிடு புள்ள" என்றான். "வக்கீலு ஆளுங்க ஒனக்கு என்ன தர்றேன்னாங்க? யாரு ஒன்னைய ஏவி விட்டது?"

"யாரும் ஏவல. என் புருசன் மூக்கனுக்காகச் செஞ்சேன்."

அவன் நெற்றியைச் சுருக்கினான். உண்மையாகவே யோசித்தான். அதுதான் கொடுமை.

"எந்த மூக்கன்?"

அவள் அவன் தோள் துண்டைப் பிடித்து இழுத்து வாசற்படியில் உட்கார வைத்தாள். "உக்காருய்யா! எந்த மூக்கனா?" ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள். கம்பளிக் கதையைச் சொன்னாள், பெருவிரலைச் சொன்னாள், சாமான் கொட்டகையைச் சொன்னாள். அவன் எழப் பார்த்தபோதெல்லாம் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவன் மலங்க மலங்க விழித்தான்.

"அந்த வருசம் பத்துப் பேரு போனாங்க புள்ள" என்றான். "பத்துத் தலைன்னு நெனப்பு இருக்கு. ஆளு நெனப்பில்லியே."

"நெனச்சுப் பாரு! ஒசரமா இருப்பாரு. எடது புருவத்துல தழும்பு. திருவிழாவுல தப்பு நல்லா அடிப்பாரு. நெனச்சுப் பாருய்யா!"

அவன் அவள் கையில் கிடந்த தன் துண்டைப் பார்த்தான், இருட்டப் போகும் வானத்தைப் பார்த்தான்.

"ஆமா ஆமா... இப்ப ஞாபகம் வருது. நல்ல பையன்" என்றான்.

பொய் சொல்கிறான், விட்டால் போதும் என்று சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. துண்டை விட்டாள். அவன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான். ஐந்து வருஷம் அவள் மனதில் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் மேல் அவளுக்கு உண்மையான ஆத்திரம் வந்தது அந்தச் சாயங்காலம்தான். அப்போது செய்வதற்கு அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.